பட்டாம்பூச்சிக் குழந்தைகளுக்கு மருந்து வந்துவிட்டதா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள ஐந்து குறிப்புகளையாவது படித்துவிடுங்கள்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "பட்டாம்பூச்சிக் குழந்தைகள் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. ஒரே வாரத்தில் குணம். அனைவருக்கும் பகிரவும்." நான்கு பேர் எனக்கு அதை அனுப்பினார்கள். அதில் ஒருத்தி என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள். "டீச்சர், இது நிஜமா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். மற்ற மூவருக்கும் அது ஒரு செய்தி. இவளுக்கு அப்படியில்லை. இவளுடைய மூன்று வயது மகனுக்கு அந்த நோய் இருக்கிறது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள்.

நான் டாக்டர் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு "ஆமாம்" என்றோ "பொய்" என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அவளோடு தோல் மருத்துவரிடம் இரண்டு முறை போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்ன ஆய்வுகளை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நோயின் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. சுருக்கமாக இ.பி. என்பார்கள். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டுவோம் இல்லையா? பசை சரியாகப் பிடிக்காவிட்டால் கை பட்டதும் அட்டை வழுக்கிக்கொண்டு வரும். நம் மேல்தோலையும் அதற்கு அடியில் உள்ள தோலையும் சேர்த்துப் பிடிப்பவை சில புரதங்கள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் லேசாக உராய்ந்தாலே கொப்புளம் வரும், தோல் உரியும். சட்டைத் தையல் உரசினால் போதும். வண்ணத்துப்பூச்சியின் இறக்கை போன்ற தோல் என்பதால்தான் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்ற பெயர்.

தோல் எந்த இடத்தில் பிரிகிறது என்பதைப் பொறுத்து இதில் நான்கு பெரிய வகைகள் உண்டு. சிலவற்றில் கையிலும் காலிலும் கொப்புளம் வருவதோடு போகும். என் மாணவியின் மகனுக்கு இருப்பது கடுமையான வகை. கொலாஜன் 7 என்ற புரதம் அவன் உடம்பில் சரியாக உருவாவதில்லை. இரண்டு அடுக்குத் தோலையும் நங்கூரம் போலப் பிடித்து வைப்பது அதுதான். இந்த வகையில் புண் ஆறும்போது தழும்பாகி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாயிலும் உணவுக்குழாயிலும்கூடக் கொப்புளம் வந்து, விழுங்குவது கடினமாகும். இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் ஆபத்தும் இருக்கிறது. தினமும் கட்டுப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டுவதற்கு அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கட்டுப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே பிள்ளை அழ ஆரம்பித்துவிடுகிறான்.

இது தொற்றுநோய் இல்லை. தொட்டால் ஒட்டாது. அந்தக் குழந்தை உட்கார்ந்த பெஞ்சில் உங்கள் குழந்தை தாராளமாக உட்காரலாம்.

அடுத்து, யார் காரணம் என்ற கேள்வி. அவள் கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு. அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த வகையில் பெற்றோர் இருவரிடமும் கொலாஜன் 7 மரபணுவின் ஒரு பிரதி பழுது, ஒன்று நல்லது. நல்லது ஒன்று இருப்பதால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு பழுதும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கான வாய்ப்பு நாலில் ஒன்று. அவளும் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே பாட்டன் வழியில் வந்த பழுதுப் பிரதி இரண்டு பக்கமும் இருப்பதற்கு உறவுக்குள் திருமணத்தில் வாய்ப்பு கூடுதல். இதில் தாய்க்கு எவ்வளவு பங்கோ தந்தைக்கும் அவ்வளவு பங்கு. குற்றம் இருவருக்குமே இல்லை.

இனி மருந்து விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு பழைய கதை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிடாயின் என்ற மாத்திரை, உடம்பில் கொலாஜனைச் சிதைக்கும் நொதியைக் குறைக்கும் என்று கருதினார்கள். அதனால் 1980 வாக்கில் இ.பி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொப்புளம் குறைந்ததாகத் தெரிந்தது. நம்பிக்கை பிறந்தது. பிறகு அமெரிக்காவில் முறையாகச் சோதித்தார்கள். அதே நோயாளிகளுக்குக் கொஞ்ச காலம் உண்மையான மாத்திரை, கொஞ்ச காலம் மருந்தில்லாத வெற்று மாத்திரை. எது எப்போது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1992-இல் முடிவு வெளியானது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த நோயில் புண் ஏறி இறங்கும். சில வாரம் மோசமாக இருக்கும், பிறகு தானாகவே கொஞ்சம் ஆறும். மோசமான வாரத்தில்தான் எந்தத் தாயும் புது மருந்தைத் தேடுவாள். அடுத்த வாரம் தானாக ஆறினாலும் பெயர் மருந்துக்குப் போய்விடும். வேண்டுமென்று யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. நல்ல மருத்துவர்களையும் நல்ல தாய்மார்களையும் இந்த நோயே ஏமாற்றிவிடும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒப்பிடுவது எப்படி என்பதற்கு அடுத்த உதாரணம். பிர்ச் என்று குளிர்நாடுகளில் வளரும் ஒரு மரம். அதன் பட்டையிலிருந்து எடுத்த சத்தைச் சூரியகாந்தி எண்ணெயில் சேர்த்து ஒரு ஜெல் செய்தார்கள். இப்போது அதன் பெயர் ஃபில்சுவெஸ். 28 நாடுகளில் 223 நோயாளிகளைச் சேர்த்து ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்குப் பட்டைச் சத்து உள்ள ஜெல், இன்னொரு பிரிவுக்கு அந்தச் சத்து இல்லாத ஜெல். குறைந்தது 21 நாளாவது ஆறாமல் இருந்த புண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 45 நாளுக்குள் முழுதாக மூடிய புண்களைக் கணக்கெடுத்தபோது, மருந்துள்ள பிரிவில் 41.3 சதவீதம், மருந்தில்லாத பிரிவில் 28.9 சதவீதம்.

நாலாம் வகுப்புக் கணக்குதான். நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போட்டவர்களில் 41 பேருக்கு ஆறியது. அந்தச் சத்து இல்லாமலே 29 பேருக்கு ஆறியிருக்கிறது. மருந்தால் கூடுதலாக ஆறியது 12 பேருக்கு. அந்த 12-தான் மருந்தின் உண்மையான மதிப்பெண். 90 நாள் முடிவில் இரண்டு பிரிவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். 2022-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. சிறிய பலன்தான், ஆனால் அளந்து பார்த்த பலன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் மாணவியிடம் ஒருவர், "ஸ்டெம் செல் களிம்பு, மூன்று மாத ஆராய்ச்சித் திட்டம், எண்பதாயிரம் ரூபாய்" என்று பேசியிருந்தார். புண் இருந்த படம், ஆறிய படம் என்று முப்பது ஜோடிப் படங்களை போனில் அனுப்பியிருந்தார். அவளும் கணவரும் வளையலை அடகு வைக்க முடிவு செய்திருந்தார்கள். நான் அவளை உட்கார வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். நூறு பேருக்கு வெறும் ஜெல்லைக் கொடுத்துக் கட்டுப் போட்டாலே 29 பேர் ஆறிய படம் அனுப்புவார்கள். மீதி 71 பேரின் படத்தை யாரும் காட்டப் போவதில்லை. அவள் அந்த ஆளுக்கு போன் செய்து ஒரே கேள்வி கேட்டாள்: "களிம்பு போடாத புண் எத்தனை நாளில் ஆறியது சார்?" அவர், "நம்பிக்கை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று போனை வைத்துவிட்டார். வளையல் அடகுக் கடைக்குப் போகவில்லை.

சரி, குழுவில் சுற்றிய அந்த மருந்து? அது உண்மையில் இருக்கிறது. பெயர் வைஜுவெக். வாயோரத்தில் அக்கி போலக் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தெரியுமல்லவா? அது பெருகாதபடி செய்து, அதற்குள் கொலாஜன் 7 மரபணுவின் நல்ல பிரதியை வைத்து, ஜெல்லாக்கியிருக்கிறார்கள். கட்டு மாற்றும்போது வாரம் ஒரு முறை புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தோல் செல்லுக்குள் போன அந்தப் பிரதி, வேண்டிய புரதத்தை உருவாக்கும். ஆனால் அது நம் குரோமோசோமோடு சேர்வதில்லை. அந்தச் செல் உதிர்ந்தால் அதுவும் போய்விடும். அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். "ஒரே வாரத்தில் குணம்" என்பது இந்த வாராவாரம் போடுவதைத் தப்பாகப் புரிந்துகொண்டு யாரோ எழுதியதாக இருக்கும்.

இதைச் சோதித்த முறைதான் என் மனதில் தங்கிவிட்டது. அபூர்வ நோய், ஆட்கள் கிடைப்பது அரிது. ஆய்வில் இருந்தது 31 பேர். ஒரு வயதுக் குழந்தையிலிருந்து 44 வயதுக்காரர் வரை. இத்தனை குறைவான பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தால் கணக்கு நிற்காது. ஒருவருக்கு நோய் கடுமை, இன்னொருவருக்கு லேசு, எப்படி ஒப்பிடுவது? அதனால் ஒரே உடம்பில், அளவிலும் இடத்திலும் ஒத்த இரண்டு புண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுக்கு மருந்து ஜெல், மற்றதுக்கு வெறும் ஜெல். எந்தப் புண்ணில் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, புண்ணைப் பார்த்து மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி எண் போடுகிறோமே, அதே காரணம்தான். திருத்துகிறவருக்குத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அரை மார்க் தானாக ஏறிவிடும்.

ஆறு மாத முடிவில் மருந்து போட்ட புண்களில் 67 சதவீதம் முழுதாக ஆறியிருந்தது, வெறும் ஜெல் போட்டவற்றில் 22 சதவீதம். 2022 டிசம்பரில் முடிவு வெளியானது, 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த 22-ஐ நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் அந்தத் தாய்மார்கள் குழந்தையின் ஒரு புண்ணுக்கு மருந்தில்லாத ஜெல்லைப் போட விட்டிருக்கிறார்கள். அது எந்தப் புண் என்று தெரியாமலே ஆறு மாதம் அந்த வலியைச் சுமந்தது குழந்தை. அந்த ஒரு புண் இல்லாவிட்டால் 67 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆய்வு முடிந்த பிறகு, விரும்பியவர்களுக்கு உண்மையான மருந்தே தொடர்ந்து கிடைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நமக்கு அந்தக் குழந்தைகளின் பெயர் தெரியாது. நாளை என் மாணவியின் மகனுக்கு இந்த மருந்து கிடைத்தால், அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது அது.

ஒப்பீடே வேண்டாத ஒரு சம்பவமும் உண்டு. 2015-இல் சிரியாவிலிருந்து ஜெர்மனிக்கு வந்த குடும்பத்தின் ஏழு வயதுப் பையன், போகும் என்ற ஊரின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவனுக்கு வேறு வகை இ.பி., லாமினின் என்ற புரதத்தில் பழுது. மேல்தோலில் சுமார் 60 சதவீதம் போய்விட்டது. எல்லா வழியும் அடைபட்டபோது, இத்தாலியின் மோடெனா நகரில் மிக்கேலே தெ லூக்கா என்ற விஞ்ஞானியின் குழு உதவிக்கு வந்தது. பையனின் உடம்பில் நன்றாக இருந்த இடத்திலிருந்து சிறு துண்டுத் தோலை எடுத்து, அதன் செல்களில் நல்ல மரபணுவைச் சேர்த்து, ஆய்வகத்தில் தோலாக வளர்த்தார்கள். அறுவை சிகிச்சைகளில் உடம்பின் சுமார் 80 சதவீதப் பரப்பை அந்தப் புதுத் தோலால் மூடினார்கள். 2016 பிப்ரவரியில் அவன் வீடு திரும்பினான். பள்ளிக்கூடம் போனான். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தோல் உறுதியாக இருந்தது. சாகும் நிலையிலிருந்த பிள்ளை எழுந்து நடந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு பிள்ளை தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட மருந்து மிக அபூர்வம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒப்பீடு வேண்டும்.

கொலாஜன் 7 பழுதுள்ளவர்களுக்கும் இதே போன்ற தோல் ஒட்டு முறை வந்திருக்கிறது. ஸெவாஸ்கின் என்று பெயர். ஏ.டி.எம். அட்டை அளவுத் துண்டுகளாக வளர்த்துப் புண்ணின் மேல் வைத்துத் தைப்பார்கள். ஆய்வில் 11 பேர், 43 ஜோடிப் புண்கள். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் ஆறியவை, ஒட்டு வைத்தவற்றில் 81 சதவீதம், வைக்காதவற்றில் 16 சதவீதம். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி. விலை 31 லட்சம் டாலர். நம் பணத்தில் 25 கோடிக்கு மேல்.

ஆக, "டீச்சர், இது நிஜமா?" என்ற கேள்விக்கு நான் அவளிடம் சொன்ன பதில் இதுதான். புண்ணை ஆற்றும் மருந்துகள் உண்மையிலேயே வந்துவிட்டன. நோயை வேரோடு எடுக்கும் மருந்து வரவில்லை. மேலே பூசுவது தொண்டைக்குள் போகாது. இவை எதுவும் நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கும் விலையிலும் நிலையிலும் இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கு முன் இதே நோயோடு பிறந்த பிள்ளைக்குச் சொல்ல இந்த மூன்று பெயர்களும் இல்லை. அவன் வளர்ந்து வரும்வரை கையையும் தொண்டையையும் தோலையும் காப்பாற்றி வைப்பதுதான் இப்போது உன் வேலை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காத்திருக்கலாம்னு தெரிஞ்சாலே போதும் டீச்சர்" என்றாள்.

1978-இல் இங்கிலாந்தில் ஃபிலிஸ் ஹில்டன் என்ற தாய், இதே நோயுள்ள தன் மகள் டெப்ராவின் பெயரில் ஒரு அமைப்பைத் தொடங்கினார். இன்று டெப்ரா அமைப்புகள் பல நாடுகளில், இந்தியாவிலும், இருக்கின்றன. இந்த ஆய்வுகள் பலவற்றின் பின்னால் இப்படிப்பட்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, சொன்ன ஐந்து குறிப்புகள்:

1. "புது மருந்து" என்று யார் சொன்னாலும், "எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தியைப் பகிராதீர்கள்.

2. ஆராய்ச்சியில் சேர நோயாளியிடம் பணம் கேட்பது முறையல்ல. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் மருந்து ஆய்வுகள் எல்லாம் மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009-இலிருந்து கட்டாயம். அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

3. ஆய்வு என்றால் பிள்ளையை வைத்துச் சோதனை செய்வது என்று மட்டும் பயப்பட வேண்டாம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம், அதற்குப் புரியும்படி சொல்லி அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை சொல்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

4. இந்த நோயுள்ள குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். பிட்டத்துக்கு அடியில் ஒரு கை, கழுத்துக்குப் பின்னால் ஒரு கை வைத்துத் தூக்குங்கள். ஒட்டும் பிளாஸ்திரி போடவே கூடாது. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் கவனியுங்கள்: வகுப்பில் ஓரத்தில், யாரும் இடிக்காத இடமும் மெத்தென்ற இருக்கையும் கொடுங்கள். ஒதுக்கி வைக்காதீர்கள்.

5. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கருவிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உறவுக்குள் சம்பந்தம் பேசும் வீடுகளும் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

என் மாணவர்களில் செவிலியர்கள் பலர் இருக்கிறீர்கள். புண்ணில் ஒட்டாத கட்டுத்துணி நியாய விலையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனிச் செய்தியில் எழுதுங்கள். அவளுக்கு மாதம் பெரிய செலவு அதுதான். பணமாக யாரும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்